மல்வேர்னில் ஒக்கர்பியைக் கண்டேன்

"கனடாவுக்கு வரேக்கை என்ன கொண்டு வாறது?" என்று தொலைபேசியில் தங்கை மாலாவைக் கேட்டேன். அவள் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து அவளுடைய கணவன் ராசனின் குரல் கேட்டது.

"அக்கா, மைதானத்துப் புல்லு ஒரு பிடி!"

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, ஒக்கர்பி என்ற சின்னப் பட்டணத்தில். ஓர் ஆறு, மூடிப்போன ஒரு கயிற்றுத் தொழிற்சாலை, ஓர் உதைபந்தாட்ட மைதானம், இவ்வளவுதான் ஊர். மைதானம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் அதற்குள் கால் வைத்ததில்லை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் எவனோ எங்கள் வாசலில் காரை நிறுத்துவான், இன்னொருவன் என் ரோசாச் செடிக்குள் சிப்ஸ் கடதாசியை எறிவான். ஒக்கர்பி டவுன் கழகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த வரலாறு அதோடு முடிந்தது.

புல்லோடு போனால் விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள் என்று சொல்லி, மஞ்சளும் நீலமுமாய் ஒரு கம்பளிச் சால்வையை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். நான் போனது புல்லுக்காகவும் அல்ல, பந்துக்காகவும் அல்ல. மாலா ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்தாள். பால் காய்ச்ச மூத்தவள் நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

விமான நிலையத்துக்கு மாலா வருவாள் என்று பார்த்தால், வந்து நின்றது மூன்று ஆண்கள். மூவரும் மஞ்சள் நீலக் கோடு போட்ட சட்டை. கோடுகள் நேராகக் கிளம்பி வயிற்றடியில் வளைந்து போயின. ஒருவன் ராசன். மற்றவர் சிவநேசன் அண்ணை, நெற்றி நிறைய விபூதி. மூன்றாமவன் அன்ரன், மன்னார்க்காரன், நகரப் பேருந்து ஓட்டுபவன், கழுத்தில் சிலுவை. கையில் மாலை வேறு.

"அக்கா, உங்கடை வீட்டிலையிருந்து மைதானம் எவ்வளவு தூரம்?" என்று மாலையைப் போட்டபடியே கேட்டான் அன்ரன்.

"இரண்டு தெரு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கதிர்காமத்துச் சந்நிதியில் குடியிருக்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் அந்தப் பார்வை கிடைத்திருக்காது.

"மட்ச் பாக்கப் போறனீங்களோ?"

"இல்லை. ஆனால் ஆக்கள் போறதைப் பாக்கிறனான்" என்றேன், பொய் சொல்லாமலும் மானம் போகாமலும்.

"அதுவும் குடுத்து வைக்க வேணும், பிள்ளை" என்றார் சிவநேசன் அண்ணை.

அந்தப் பெருமையோடு போய்ப் பழக்கதோசத்தில் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். முன்னால் ஸ்ரியறிங். "அக்கா ஓடப்போறாவாம், எல்லாரும் பெல்ற் போடுங்கோ" என்று அன்ரன் சொல்ல, மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காரில் குழந்தை ஒன்று எழுந்து அழுதது.

ராசனின் பழைய வீடு மல்வேர்னில், வரிசை வீடுகளில் ஒன்று. பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. அன்று இரவுச் சாப்பாடு கடையிலிருந்து வந்தது: இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், சம்பல், சுடச்சுட மட்டன் ரோல்ஸ். ஒக்கர்பியில் கறிவேப்பிலை என்றால் பிளாஸ்ரிக் உறைக்குள் ஏழெட்டு இலை வாடிக் கிடக்கும், அதுவும் கடைக்காரனின் மனம் இருந்தால்தான். இங்கே மாலாவின் குசினியில் விளக்குமாறு மாதிரி ஒரு கட்டு நின்றது. நான் அதை மணந்து பார்த்தபடியே சாப்பிட்டேன். நாலாவது ரோல்ஸை எடுக்கும்போது மாலா என் கையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டபின் ராசன் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுவர் முழுக்க ஒக்கர்பி டவுன். நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சாயம் போன ஒரு பழைய சட்டை, நெஞ்சில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. நான் தினமும் மைதானத்து மதிலில் காணும் அதே கொக்கு. அதைக் கண்டு எனக்கு இப்படி ஒரு சந்தோசம் வரும் என்று யார் நினைத்தது!

"இதென்னெண்டு உங்களிட்டை வந்தது?"

ராசன் கதையைத் தொடங்கினான். அகதியாக வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் ஒரு தேவாலயத்தில் இவர்களுக்குப் பழைய உடுப்புப் பைகள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கம்பளிக் கோட்டும் தொப்பியும் கிடைத்தன. அன்ரனின் பைக்குள் பதினொரு பந்தாட்டச் சட்டைகள். குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார்களாம். கோடை வந்ததும், பதினொரு சட்டை இருக்கிறதே, இனிப் பதினொரு ஆள்தானே வேண்டும் என்று ஒரு குழுவைச் சேர்த்தார்கள்.

"எங்கடை சனத்தின்ரை விளையாட்டுப் போட்டி எண்டால் உங்களுக்குத் தெரியும்தானே அக்கா. ஊருக்கு ஒரு ரீம். பேர் குடுக்கப் போனால், எந்த ஊர் எண்டு கேட்டாங்கள். எங்களிலை ஒருத்தன் மன்னார், ஒருத்தன் தீவு, ஒருத்தன் வடமராட்சி. என்னத்தைச் சொல்லுறது? அன்ரன் குனிஞ்சு சட்டையைப் பாத்தான். 'ஒக்கர்பி' எண்டு சொல்லிப்போட்டான்."

"மைக்கிலை சொன்னவன் கேட்டான், அது எந்தப் பக்கம், காரைநகருக்குக் கிட்டவோ எண்டு" என்றான் அன்ரன்.

அந்த வருடம் ஒக்கர்பி ஊர்க்காரர் கிண்ணத்தை வென்றார்கள். வென்ற பின்தான், இந்தக் கொக்கு யாருடையது என்று நூலகத்தில் தேடினார்களாம். அன்றிலிருந்து பிடித்த பைத்தியம்.

பிறகு ராசன் எனக்கு என் ஊரின் வரலாற்றைச் சொன்னான். கயிற்றுத் தொழிற்சாலைக்காரர் சம்பள நாளில் குடித்துவிட்டு ஆற்றில் விழுகிறார்கள் என்று ஒரு பாதிரியார் தொடங்கிய கழகமாம். கயிற்றுக்குப் போட்டு மிஞ்சிய சாயம் மஞ்சளும் நீலமும், அதனால் சட்டைக்கும் அதே நிறம். ஆரம்பத்தில் ஆடுவதற்குமுன் மைதானத்திலிருந்து ஆடுகளைக் கலைக்க வேண்டியிருந்ததாம். நாட்டின் பெரிய கிண்ணத்தை ஒரே ஒரு தடவை வென்றார்கள். வெற்றிக் கோலை அடித்தவன் ஓர் இறைச்சிக்கடைக்காரன், காலையில் கடை திறந்து வாடிக்கைக்காரரை அனுப்பிவிட்டு ரயிலேறியவன். ஒரே ஒரு பருவம் முதலாம் பிரிவில் ஆடினார்கள். அந்தப் பருவத்தில் தோற்ற கணக்கைக் கேட்க வேண்டாம், ஆனால் கொட்டுகிற பனியில் நாட்டின் சம்பியன்களை ஒருநாள் மண் கவ்வ வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவாக இறக்கம். கழகம் கடனில் மூழ்கியபோது ஊர்ச்சனம் வாளியோடு தெருவில் நின்று சேர்த்துக் கழகத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அந்த வாளி என் வாசலுக்கும் வந்தது. வெள்ளத்துக்கு உதவி என்று நினைத்துப் போட்டேன்.

"அப்ப அக்காவும் ஒரு பங்காளி!" என்று ராசன் துள்ளினான்.

இவ்வளவு சிரித்தவனின் குரல் அடுத்ததைச் சொல்லும்போது இறங்கியது. கழகம் இப்போது லீக்கின் கடைசிப் பிரிவில், கடைசிக்கு முதல் நிலையில். வரும் சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் தப்பலாம். சமநிலை என்றால்கூட லீக்கை விட்டே வெளியே.

"வெளியிலை போனால் என்ன, கீழையும் விளையாடுவினம்தானே?"

"விளையாடுவினம் அக்கா. ஆனால் கனடாவிலை ரீவியிலை காட்ட மாட்டான். காட்டாட்டி எங்களுக்குச் சனிக்கிழமை இல்லை."

அதை மாலாதான் எனக்குப் பிறகு விளங்கப்படுத்தினாள். வந்த புதிதில் ஆளுக்கு இரண்டு வேலை, ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாத பயம், இரவில் நித்திரை இல்லை. சனிக்கிழமை காலை மட்டும் இந்த ஆட்கள் ஒரு அறையில் கூடி, ஒரு கேத்தில் தேத்தண்ணியோடு, முகம் தெரியாத ஒக்கர்பிக்காக மனம்விட்டுக் கத்தினார்கள். "உந்தக் கத்தல் இல்லாட்டி இவருக்கு விசர் பிடிச்சிருக்கும்" என்றாள். இப்போது பலர் வீடு வாங்கித் தூரத்துக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் ஒன்றுதான் இன்னும் சேர்த்து வைத்திருக்கிறது.

மறுநாள் பூசைச் சாமான் வாங்க வெக்ஸ்போர்ட் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்குப் புறப்பட்டேன். மாலா வேலைக்குப் போயிருந்தாள். "பஸ்ஸிலை போறது ஒரு பெரிய வேலையே" என்று வீறாப்பாக ஏறியவள், எதிர்ப்பக்கம் போகும் பேருந்தில் ஏறிவிட்டேன். குளிருக்கு, ராசனுக்கு வாங்கிவந்த சால்வையைச் சுற்றியிருந்தேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு குரல்.

"அக்கா! எங்கை போறியள்?"

அன்ரன்! சொன்னதும் தலையில் கை வைத்தான். "இது மற்றப் பக்கம் போறது. இறங்காதேங்கோ, கடைசி மட்டும் வந்து என்னோடையே திரும்பலாம்." சிவப்பு விளக்கு விழும் இடமெல்லாம் அவனுக்கு ஒரு கேள்வி இருந்தது. மழை பெய்தால் மைதானத்தின் ஆற்றுப்பக்க மூலையில் தண்ணீர் நிற்குமாமே, உண்மையா? வாசலில் விற்கும், இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை'யில் மிளகு கூடவாமே, உண்மையா? எனக்குத் தெரிந்ததற்கு ஓம் என்றேன், தெரியாததற்கும் ஓம் என்றேன். முன்னிருக்கையிலிருந்த ஜமேக்காக்காரப் பெண்மணி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் தம்பியா? பாவம், உங்களை ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிறார் போல."

வெள்ளிக்கிழமை சிவநேசன் அண்ணை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அர்ச்சனைத் தட்டோடு நின்றபோது ஐயர் கேட்டார், "பேர், நட்சத்திரம்?"

"கெவின். பூரட்டாதி" என்றார் அண்ணை.

கெவின் என்பது ஒக்கர்பியின் கோல் காப்பாளன். அவன் பிறந்த நாளைக் கண்டுபிடித்து, இங்கிலாந்து நேரத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்து, அண்ணை நட்சத்திரம் குறித்திருந்தார். பிறந்த நேரம் தெரியாததால் அது பூரட்டாதியா உத்தரட்டாதியா என்று ஒரு சந்தேகம். அதனால் போன மாதம் முழுக்க உத்தரட்டாதிக்குச் செய்தாராம். எல்லாம் தோல்வி. "பிழையான ஆளுக்குப் போயிட்டுது" என்றார். ஐயர் கண்ணும் வெட்டாமல் கெவின் நாமதேயஸ்ய என்று முழங்கினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சிரித்தபடியே, கெவினுக்காக உண்மையாகவே கும்பிட்டேன்.

விடிந்தால் சனி. ஸ்ரௌவ்வில் என்பது கார் இல்லாவிட்டால் ஒரு கொத்தமல்லிக் கட்டும் வாங்க முடியாத இடம். புதுப்புது வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. ராசனே தன் வீட்டைத் தாண்டிப் போய் வேறொரு வாசலில் காரைத் திருப்பினான். ஆட்டம் அங்கே மதியம் பன்னிரண்டரை என்றால் இங்கே காலை ஏழரை. பால் காய்ச்சும் நேரமோ ஒன்பதுக்கு முன் முடிய வேண்டும், சனிக்கிழமை ஒன்பதுக்கு இராகுகாலம். அதனால் இடைவேளையில் பால் என்று தீர்மானம்.

"இரண்டாம் பாதிதான் பிரச்சினை" என்று சிவநேசன் அண்ணை முகத்தைத் தொங்கப்போட்டார். "இஞ்சத்தை நேரத்துக்குக் கடைசியிலை இராகுகாலம். அங்கத்தை நேரத்துக்கு எமகண்டம். எந்தப் பக்கத்தாலையும் தப்பேலாது."

இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் எல்லாருடைய கைத்தொலைபேசியும் ஒரு சோற்றுப் பானைக்குள் போய் மூடியும் போடப்படும். தொலைக்காட்சியில் வருமுன்னே எவனுடைய தொலைபேசியாவது கோல் என்று காட்டிக்கொடுத்து ஒருமுறை கைகலப்பே வந்ததாம். என்னுடையதை மட்டும் விருந்தாளி என்று விட்டுவிட்டார்கள்.

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல். புதுவீட்டு நிலவறையிலிருந்து மேலே வந்த முகங்களைப் பார்த்தால் செத்த வீடு. பால் பானைக்கு முன் வந்து நின்றார்கள். மாலா யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்த புதுப் பித்தளைப் பானை. பாலை ஊற்றி, அடுப்பைப் போட்டால், அடுப்பு ஏற்கவில்லை. புதுவீட்டுக் கண்ணாடி அடுப்பு. இரும்புப் பாத்திரம் வைத்தால்தான் சூடேறுமாம், பித்தளையைக் கண்டால் திரும்பியும் பாராதாம். சில்வர் பானைக்கு மாற்றுவோம் என்றேன். "பொட்டு வைச்ச பானையை மாத்துறதோ?" என்று மாலா அழுதுவிட்டாள்.

ராசன் கராஜுக்கு ஓடி, முகாம் போகும்போது கொண்டுபோகும் காஸ் அடுப்பைத் தூக்கிவந்தான். அதற்குள் இடைவேளை முடிந்தது. "அக்கா, நீங்கள் பந்து பாக்கிறேல்லைத்தானே, பாலைப் பாருங்கோ" என்று என்னை நிறுத்திவிட்டு, பொங்கும்போது கூப்பிடச் சொல்லி எல்லாரும் கீழே இறங்கினார்கள். மாலா சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி எடுக்கக் காருக்குப் போனாள்.

நான் பாலைத்தான் பார்த்தேன். சத்தியமாக! ஆனால் கீழே திடீரென்று வீடு இடிந்த மாதிரி ஒரு சத்தம். என் கால் என்னைக் கேட்காமலே படியிறங்கியது. ஒக்கர்பி சமப்படுத்தியிருந்தது! அன்ரன் சிவநேசன் அண்ணையைத் தூக்கிச் சுற்றினான். நானும் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தேன். பிறகு ஆட்டத்தைப் பார்த்தேன். நான் வாழ்நாளில் பார்த்த முதல் உதைபந்தாட்டம்! என் ஊர்ப் பையன்கள் வாலைக் கிளப்பிய கன்றுகள் மாதிரி ஓடினார்கள். கெவின் ஒரு பந்தைப் பறந்து தட்டினான். "பூரட்டாதி!" என்று கத்தினேன்.

அப்போதுதான் மேலே எச்சரிக்கை மணி அலறியது. பால் தாராளமாகப் பொங்கி, வழிந்து, கருகிக் குசினி முழுக்கப் புகை. மாலா ஓடிவந்து காஸை நிறுத்தினாலும் மணி நிற்கவில்லை. அது தீயணைப்புக்குத் தானாகவே செய்தி அனுப்பும் வீடாம். கொஞ்ச நேரத்தில் பெரிய சிவப்பு வண்டி வந்து நின்றது. எல்லாரும் வெளியே என்று கட்டளை. நாங்கள் முன்பக்கப் புற்றரையில் வரிசையாக நின்றோம். வீட்டுக்குள் தொலைக்காட்சி, வீட்டுக்குள் பானை, பானைக்குள் தொலைபேசிகள்.

"கொஞ்ச நிமிசம்தான் இருக்கு, சேர். ஒரு ஃபோனை மட்டும் எடுக்கிறன்" என்று ராசன் கெஞ்சினான். தீயணைப்பு வீரர் தலையாட்டி மறுத்தார். பால் என்று தெரிந்ததும், "பொங்கும் வரை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டார். "பொங்கத்தான் வைத்தது" என்றாள் மாலா.

ராசன் புல்லில் குந்திவிட்டான். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தான். இத்தனை வருடத்துச் சனிக்கிழமையும் அந்த வீட்டுக்குள் தீர்மானமாகிக்கொண்டிருக்க, அவனால் பார்க்க முடியவில்லை. எல்லாம் என் கவனக்குறைவால் வந்தது. அப்போதுதான் என் கையில் தொலைபேசி இருப்பது உறைத்தது. கனடாவில் அதற்கு இணையம் இல்லை, கதைக்க மட்டும்தான் முடியும். கணவருக்கு அடித்தேன். அவருக்கும் பந்துக்கும் என்னைவிடத் தூரம்.

"இஞ்சருங்கோ, மேலை போய் எங்கடை அறை யன்னலைத் திறந்து ஃபோனை வெளியாலை பிடியுங்கோ."

"ஏன், என்ன நடந்தது?"

"பிறகு சொல்லுறன். பிடியுங்கோ!"

சத்தத்தைக் கூட்டி நடுவில் நீட்டினேன். எல்லாரும் குனிந்து வட்டமாக நின்றார்கள், தீயணைப்பு வீரர்கள் இருவர் உட்பட. முதலில் காற்று. பிறகு கடல் மாதிரி ஓர் இரைச்சல். அது ஏறியது, "ஓ" என்று இழுபட்டு இறங்கியது.

"என்ன அது? கோலோ?" என்றான் ராசன்.

"இல்லை. மேலாலை போயிட்டுது" என்றேன்.

சொன்னபின் நானே திகைத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரிந்தது. எத்தனை சனிக்கிழமை அந்த யன்னலடியில் உடுப்பு மடித்திருக்கிறேன். அடுத்து ஒரு கூச்சல், மெல்லியதாக, ஒரு மூலையிலிருந்து மட்டும். ராசன் கண்ணை இறுக்கி மூடினான். "அது வந்த ஆக்கள் கத்துறது. கோல் இல்லை, கோர்ணர் கிடைச்சிருக்கும்" என்றேன். பிறகு விசில் ஊதும் சத்தங்கள், கைதட்டல், தாளம், தாளம் விரைவானது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. ஓர் ஊரே மூச்சைப் பிடித்தது.

பிறகு வந்த சத்தத்தில் தொலைபேசி என் கையில் நடுங்கியது. அதற்குள்ளே யன்னல் கண்ணாடி அதிர்வது கேட்டது.

"அடிச்சாச்சு!" என்று கத்தினேன். "எங்கடை! எங்கடை ஆக்கள்!"

ஒருவரும் அசையவில்லை. என்னை நம்பலாமா என்று பார்த்தார்கள். "பூரட்டாதி மேலை சத்தியமா எங்கடை!" என்றேன். அவ்வளவுதான். அன்ரன் புல்லில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டான், சிவநேசன் அண்ணை இராகுகாலத்தையும் எமகண்டத்தையும் மறந்து தீயணைப்பு வீரரை முத்தமிட்டார். இறுதி விசிலை நாங்கள் கேட்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நிற்காமல் வந்த ஆரவாரத்தைக் கேட்டோம். தப்பிவிட்டார்கள். ஒக்கர்பி டவுன் லீக்கில் இருந்தது.

வீட்டுக்குள் போகலாம் என்று அனுமதி வந்தது. ஒருவரும் போகவில்லை. தொலைபேசிக்குள் சனம் மைதானத்தை விட்டு வெளியேறி எங்கள் தெருவால் வரத் தொடங்கியிருந்தது. காலடிச் சத்தம், பாட்டு, யாரோ ஒருவன் சிரித்துச் சிரித்து அழுவது. ஒருநாளும் அங்கே போயிராத மூன்று பேர் தலைகளை முட்டிக்கொண்டு அதைக் கேட்டார்கள்.

"முடிஞ்சுதே? குளிருது, நான் சாத்தப்போறன்" என்றார் என் கணவர்.

ராசன் என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தான். முகமெல்லாம் கண்ணீர்.

"அண்ணை," என்றான், "சாத்தாதேங்கோ. எங்கடை சனம் போய் முடியட்டும்."